கெட்ட செய்தியோடு ஒருத்தர் வந்து நிற்கும்போது என்ன செய்யலாம்

நான் டீம் லீட் ஆன புதிதில் ஒருவர் வந்து, "சார், நேத்து அனுப்பின ஃபைல் தப்பு, கிளையன்ட்டுக்கும் போயிடுச்சு" என்றார். "இதைக்கூடப் பார்த்து அனுப்ப மாட்டீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். கத்தக்கூட இல்லை. அவர் கையிலிருந்த நோட்டை மெதுவாக மூடி, "சாரி சார்" என்று போய்விட்டார். அப்புறம் மூன்று மாதம் அவரிடமிருந்து ஒரு பிரச்சினையும் வராததால் எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன், கடைசியில் கிளையன்ட் வாயால்தான் விஷயமே தெரிந்தது.

உணர்வுசார் நுண்ணறிவு (emotional intelligence) என்று உளவியலாளர்கள் பீட்டர் சாலவேயும் ஜான் மேயரும் 1990-ல் எழுதியது, தன் உணர்வையும் அடுத்தவர் உணர்வையும் கவனித்துப் பிரித்தறிந்து, அதை வைத்து யோசித்து நடந்துகொள்வதைப் பற்றித்தான். தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு இது நிஜமாகவே சோதனைக்கு வருவது, இப்படி ஒருவர் தயங்கித் தயங்கி வந்து நிற்கிற அந்த ஒரு நிமிடத்தில்தான் என்பேன்.

முதல் வேலை, வாயைத் திறப்பதற்கு முன் உங்களுக்குள் என்ன ஓடுகிறது என்று சரியான பெயர் வையுங்கள். கோபமா, பயமா, அவமானமா? எனக்குப் பெரும்பாலும் பயம்தான், 'மேலே என்ன பதில் சொல்வேன்' என்கிற பயம், அது கோபமாக வெளியே வரும். உணர்வைச் சொல்லில் வைக்கும்போது பயம் போன்ற உணர்வுகளோடு தொடர்புள்ள மூளையின் அமிக்டலா பகுதியின் பரபரப்பு குறைவதை 2007-ல் வெளிவந்த மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்று காட்டியது. இரண்டு நொடி போதும், செய்து பாருங்கள்.

அப்புறம் முதல் வாக்கியம். "சொன்னது நல்லதாப் போச்சு. இப்ப எது வரைக்கும் போயிருக்கு?" இவ்வளவு போதும். 'ஏன்' என்று ஆரம்பிக்காதீர்கள், அந்த நேரத்தில் அது கேள்வியாகக் காதில் விழாது, குற்றச்சாட்டாகத்தான் விழும். என்ன ஆச்சு, எப்போது தெரிந்தது, இப்போது என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். காரணத்தை மறுநாள் தனியாக உட்கார்ந்து கறாராகவே பேசலாம், பேசவும் வேண்டும். கனிவாக நடப்பது தவறைக் கண்டுகொள்ளாமல் விடுவது ஆகாது.

அடுத்தவர் முகத்தைப் பார்த்து நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். பேசாமல் இருக்கிறார் என்றால் அலட்சியமாகவும் இருக்கலாம், ராத்திரி முழுக்கத் தூங்காமலும் இருந்திருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

நிர்வாகவியல் ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களைப் பற்றி 1996-ல் வெளியிட்ட ஆய்வில், நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறைச் சொல்ல ஆட்கள் பயப்படவில்லை என்பதுதான் அவர் கண்ட விளக்கம். உங்கள் டீமில் ரொம்ப நாளாக ஒரு சிக்கலும் காதுக்கு வரவில்லை என்றால் கொஞ்சம் கவலைப்படுங்கள்.

சரி, நிதானம் தவறிவிட்டீர்கள், என்ன செய்வது? எல்லோர் முன்னாலும் பேசியிருந்தால் மன்னிப்பும் எல்லோர் முன்னாலும்தான், அதில் 'ஆனால்' வரக்கூடாது. நான் அப்படி மன்னிப்புக் கேட்டபோது, அன்று நோட்டை மூடிக்கொண்டு போனவர், "பரவாயில்லை சார்" என்று மட்டும் சொன்னார். மறுபடி ஒரு தவறை அவராக வந்து என்னிடம் சொல்ல இன்னும் பல வாரங்கள் ஆயின.