செயலிழந்த செயற்கைக்கோளைச் சென்னை வானில் அடையாளம் காண்பது எப்படி?

பெசன்ட் நகர் கடற்கரைக்கு விடிவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே சென்றுவிடுங்கள். கடல் பக்கம் கீழ்வானம் இருண்டிருந்தாலும், உயரத்தில் செல்லும் செயற்கைக்கோள்கள்மீது அதற்குள் வெயில் பட்டிருக்கும். தை, மாசி மாதங்களில் மேகத் தொல்லை குறைவு. கண் இருளுக்குப் பழக வேண்டும் என்பதால் கைபேசியைத் தொடாதீர்கள்.

சீரான ஒளியுடன் நகரும் புள்ளி பெரும்பாலும் கட்டுப்பாட்டில் உள்ள செயற்கைக்கோள். பளிச்சிட்டு, மங்கி, மறைந்து, மீண்டும் பளிச்சிட்டால், அது நிலைகுலைந்து உருண்டுசெல்லும் செயலிழந்த கோளாகவோ ராக்கெட்டின் எஞ்சிய பாகமாகவோ இருக்கக்கூடும். ஒரு பளிச்சிடலுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நொடிகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். என்னைப் பொறுத்தவரை அந்தக் குறிப்பே இந்த விடியற்காலை உழைப்பின் முழுப் பயன்.

புறப்படுமுன், புவியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியுள்ளது என்பதை அளக்கும் கேபி (Kp) குறியீட்டைப் பாருங்கள். அது 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் புவிகாந்தப் புயல் என்று பொருள். அப்போது மேல் வளிமண்டலம் சூடேறி விரிவதால் தாழ்வான கோள்கள் கூடுதல் உராய்வுக்கு உள்ளாகி, உயரம் குறைந்து, கணித்த நேரத்துக்கு முன்பே வந்துவிடும். ஆகவே கோள் வரும் நேரத்தைக் கணிக்க, புயலுக்குப் பின் வெளியான சுற்றுப்பாதைத் தரவையே பயன்படுத்துங்கள். 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் இணையச் சேவைச் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை இவ்வாறே கீழிறங்கி எரிந்தன.

2010 ஏப்ரலில் கட்டளைகளுக்குச் செவிசாய்க்காமல் மிதந்து, டிசம்பரில் மீட்கப்பட்ட கேலக்ஸி 15 என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் போன்றவை ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், அவற்றை வெறுங்கண்ணால் தேட வேண்டாம்.