ஈறில் ரத்தம் கசிகிறதா? சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

பல் துலக்கித் துப்பும் நுரையில் சிவப்பு தெரிந்ததும் பலர் செய்வது ஒன்றுதான்: பிரஷ் பட்டுப் புண்ணாகிவிட்டது என்று நினைத்து அந்தப் பக்கத்தை மட்டும் நாலைந்து நாள் தேய்க்காமல் விட்டுவிடுவார்கள். ரத்தம் வருவதே அங்கே அழுக்குப் படலம் தங்கி ஈறு வீங்கியிருப்பதால்தான். தேய்க்காமல் விட்டால் படலம் இன்னும் தடித்து, எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து படிந்து, காரையாக இறுகிவிடும். அதன்பிறகு எந்தப் பிரஷ்ஷாலும் அதை எடுக்க முடியாது. ரத்தம் கசியும் இடத்தைத்தான் மென்மையான பிரஷ்ஷால் கூடுதல் கவனத்தோடு துலக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் வெறும் ஈறு வீக்கம் ஒன்றிரண்டு வாரத்தில் வற்றிவிடும். வற்றவில்லை என்றால் ஈறுக்குக் கீழே காரை இறங்கியிருக்கிறது என்று பொருள்.

இதற்கு நேர் எதிரான ஏமாற்றமும் உண்டு. சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறில் ரத்த ஓட்டம் குறைவதால் நோய் முற்றினாலும் ரத்தம் அவ்வளவாக வராது. "எனக்கு ஒரு சொட்டு ரத்தம்கூட வந்ததில்லை" என்பவரின் பல்லைச் சுற்றி எலும்பு பாதி கரைந்திருக்கலாம்.

வலி வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. சொத்தைப் பல் வலிக்கும். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. நல்ல ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே 1 முதல் 3 மி.மீ. ஆழத்துக்குத்தான் இடுக்கு இருக்கும். பல் டாக்டர் அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியை விட்டுப் பார்க்கும்போது அது 4 மி.மீ.க்கு மேல் இறங்கினால் அது நோய்ப் பை. வாய் முழுக்க நோய் பரவியவருக்கு, இந்தப் பைகளின் உட்சுவரில் புண்ணான பரப்பைக் கூட்டினால் ஏறத்தாழ 8 முதல் 20 சதுர செ.மீ. வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சர்க்கரைக்காரர் காலில் அந்த அளவுக்கு ஒரு புண் வந்தால் குடும்பமே அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடும். வாய்க்குள் இருப்பதால் வருஷக்கணக்கில் யாரும் கேட்பதில்லை.

சர்க்கரையும் ஈறும்

ரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தால் கிருமியோடு சண்டையிடும் வெள்ளை அணுக்கள் மந்தமாகும், ஈறின் நார்த்திசு பழுதாகும், புண் ஆற நாளாகும். கட்டுப்பாடில்லாத சர்க்கரை உள்ளவருக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்பது நெடுநாளாகத் தெரிந்ததுதான். கண், சிறுநீரகம், நரம்பு, ரத்தக் குழாய்ப் பாதிப்பு போன்றவற்றுக்கு அடுத்து ஈறு நோயைச் சர்க்கரையின் ஆறாவது சிக்கல் என்று 1993-லேயே ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளர் எழுதினார். பலருக்குத் தெரியாதது மறுபாதி. ஈறில் ஓயாமல் இருக்கும் அழற்சி ரத்தத்தில் சில வேதிப்பொருள்களைக் கலக்கிறது. அவை இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. அதனால் சாப்பாட்டில் கட்டுப்பாடு, நடை, மாத்திரை எல்லாம் சரியாக இருந்தும் சர்க்கரை இறங்காதவர் வாயைத் திறந்து காட்டுவது நல்லது.

ஈறு வைத்தியம் செய்தால் எவ்வளவு இறங்கும்? பல ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2022-ல் வெளியிட்ட அலசலில், மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சராசரியாக 0.4 புள்ளி குறைந்தது. 8.4 இருந்தவருக்கு 8.0. சின்ன எண்ணாகத் தெரிந்தாலும் மாத்திரை கூட்டாமல் கிடைக்கும் இறக்கம் அது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு, பல்லைச் சுத்தம் செய்துகொண்டோமே என்று சர்க்கரை மாத்திரையைக் குறைத்துக்கொள்வதும் ஒரு தவறு.

"சர்க்கரை இறங்கட்டும், பிறகு பல்லைப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவதும் அடிக்கடி நடக்கிறது. பல் பிடுங்குதல், இம்பிளான்ட் போன்றவற்றை அவசரமில்லை என்றால் தள்ளிவைக்கலாம். காரை எடுத்து ஈறைச் சுத்தம் செய்வதற்கு (ஸ்கேலிங்) பொதுவாக அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. காத்திருந்தால் நோயே சர்க்கரையை இறங்கவிடாது.

பல் டாக்டரிடம் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இது ரத்தப் பரிசோதனை அல்ல. காலையில் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு போக வேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும். நாற்காலியில் இருக்கும்போது வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழே போயிருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடித்து 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். பல் வலியில் சாப்பிட முடியாமல் கிடந்தும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரையை மட்டும் விழுங்கி மயங்கி விழுபவர்கள் இருக்கிறார்கள். சாப்பிட முடியாத நாளில் என்ன செய்வது என்று சர்க்கரை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடுமா?

ஆடாது. எலும்பு கரைந்த பல்லைக் காரை சிமென்ட் மாதிரி பக்கத்துப் பல்லோடு பிடித்து வைத்திருக்கும். காரையை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. பல்லுக்கு நடுவே சந்து விழுந்தது போலத் தோன்றுவதும் இதனால்தான். வீக்கம் வற்றி ஈறு ஒட்டிக்கொள்வதால் வேர் கொஞ்சம் வெளியே தெரியும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சில நாள் கூசும். பயந்துபோய் பாதியில் விட்டவர்கள்தான் கடைசியில் பல்லை இழக்கிறார்கள்.

இன்னொன்று, மேலே தெரியும் காரையை மட்டும் எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. பை ஆழமாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, வேரின் மேல் ஒட்டியிருப்பதையும் சுரண்டி எடுக்க வேண்டும். இரண்டு மூன்று முறை வரச் சொல்வார்கள். சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி ஆழம் அளந்து பார்த்தால்தான் ஆறியதா என்று தெரியும். ஒருமுறை ஈறு நோய் வந்தவருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போதாது. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

இதயத்தைப் பற்றி மிகைப்படுத்தாமல்

ஈறு நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வருகின்றன என்பது உண்மை. வாய்க் கிருமிகளின் மரபணுத் தடயம் இதய ரத்தக் குழாய் அடைப்பிலேயே கிடைத்திருக்கிறது. ஆனாலும் "பல்லைச் சுத்தம் செய்தால் மாரடைப்பு வராது" என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். தொடர்பு இருக்கிறது, ஆனால் ஈறு வைத்தியம் இதய நோயைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் அமெரிக்க இதயச் சங்கம் 2012 அறிக்கையில் சொன்னது. ஈறைச் சரிசெய்ய வேறு காரணங்களே போதும். அந்த விளம்பரத்தை நம்பி கொழுப்பு மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து.

ஸ்டென்ட் வைத்தவர்கள் பல் சுத்தம் செய்யப் போவதற்கு முன், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்துவது இன்றும் நடக்கிறது. ஈறில் வரும் ரத்தத்தைப் பஞ்சை வைத்து அழுத்தி நிறுத்திவிடலாம். ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. அதே மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், அசெனோகூமரால் சாப்பிடுபவர்கள் முந்தின நாள் எடுத்த ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) ரிப்போர்ட்டைக் கொண்டுபோக வேண்டும். நிறுத்துவதா வேண்டாமா என்பதை இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வால்வு மாற்றியவர்கள், முன்பே இதய உள்ளுறையில் கிருமித்தொற்று வந்தவர்கள், சிலவகைப் பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் ஈறில் கைவைக்கும் வேலைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமாக அமாக்சிசிலின் 2 கிராம், ஒரே வேளை. பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு வேறு மருந்து. ஸ்டென்ட், பைபாஸ், பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு இது தேவையில்லை. இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது: வேண்டியவர் சொல்லாமல் விடுகிறார், வேண்டாதவர் விழுங்குகிறார்.

ஈறு பருத்து பல்லை மூடுகிறது என்றால் பிரஷ்ஷைக் குறை சொல்வதற்கு முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபின், நிஃபெடிபின் சிலருக்கு இப்படிச் செய்யும். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தாலே பலருக்குக் குறையும். நீங்களாக நிறுத்தக் கூடாது.

மெடிக்கலில் "பல் வலிக்கு ஒரு செட்" வாங்கிப் போடுவது சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களுக்குக் கூடுதல் ஆபத்து. அதில் இருக்கக்கூடிய மெட்ரோனிடசோல், வார்ஃபரினோடு சேர்ந்தால் ஐஎன்ஆரை ஏற்றி ரத்தக் கசிவை உண்டாக்கும். இபுபுரோஃபென் ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். காரை அப்படியே இருக்கும்வரை ஆன்டிபயாடிக் மட்டும் ஈறு நோயை ஆற்றாது.

வீட்டில்

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றது குச்சியால் துலக்கிய காலம். குச்சியானாலும் பிரஷ்ஷானாலும் பல் இடுக்கில் நுழையாது, நோய் தொடங்குவதோ அங்கேதான். சாம்பல், செங்கல் தூள், கரகரப்பான பல்பொடி எல்லாம் வேரைத் தேய்த்துப் பள்ளமாக்கும். எண்ணெய் கொப்பளித்தால் காரை கரையாது.

மென்மையான பிரஷ்ஷின் நார்களை ஈறு ஓரத்தில் 45 டிகிரி சாய்த்து வைத்து, இருந்த இடத்திலேயே லேசாக அசைத்து, பிறகு பல்லின் நுனி நோக்கி உருட்ட வேண்டும். இரண்டு நிமிடம், காலையும் இரவும். சந்து உள்ள இடத்தில் இடைவெளி பிரஷ், நெருக்கமான இடத்தில் பல் நூல் (ஃப்ளாஸ்). இடைவெளி பிரஷ்ஷில் பெரிதாக, ஆனால் திணிக்காமல் நுழையும் அளவைத் தேர்ந்தெடுங்கள். அதன் நடுக் கம்பி பல்லில் உரசக் கூடாது. குண்டூசி, சேஃப்டி பின் வேண்டவே வேண்டாம்.

குளோர்ஹெக்சிடின் மௌத்வாஷ் எழுதிக் கொடுத்தால் 0.2 சதவீதத்தில் 10 மி.லி., ஒரு நிமிடம், தினம் இருமுறை, பெரும்பாலும் இரண்டு வாரம். அதையே மாதக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசி மாறும். பேஸ்ட் வைத்துத் துலக்கியதும் உடனே கொப்பளித்தால் நுரைப்பொருள் மருந்தை முறித்துவிடும். அரை மணி இடைவெளி விடுங்கள்.

முகம் வீங்கி, காய்ச்சலோடு வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமமானால் சர்க்கரைக்காரர் அன்று இரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சீழ் கழுத்துக்கு இறங்கலாம். கீழ்த்தாடை வலி நடந்தால் கூடி, உட்கார்ந்தால் குறைகிறது, கூடவே வியர்வையும் மூச்சுத் திணறலும் இருக்கிறது என்றால் அது பல் வலியாக இல்லாமல் இதய வலியாக இருக்கலாம். முதலில் ஈசிஜி எடுங்கள், பல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.