மென்தால் சிகரெட்ட விட வைக்கறது எப்படி

அமெரிக்காவுல கறுப்பின மக்கள் அதிகமா இருக்கற ஏரியாவுல ஒரு ஃபார்மசி கவுன்ட்டர்ல நிக்கறவன் நான். சிகரெட்ட விடணும்னு ஒருத்தர் வந்து நின்னா "இன்னுமா விடல"னு மட்டும் ஆரம்பிக்காதீங்க, அந்த அட்வைஸ் எல்லாம் வீட்டுலயே கேட்டு கேட்டு காது புளிச்சுப் போய்தான் வந்திருப்பாங்க. என்ன பிராண்டுனு கேளுங்க. பத்துல எட்டு பேர் நியூபோர்ட், கூல்னு மென்தால் (புதினா மாதிரி ஜில்லுனு இருக்கற) சிகரெட்டத்தான் சொல்லுவாங்க.

இந்த ருசி தானா வந்தது இல்லங்க. 1950கள்ல கறுப்பினத்தவங்கள்ல மென்தால் புடிச்சவங்க பத்துல ஒருத்தர் கூட கிடையாது, அப்புறம்தான் கம்பெனிக்காரங்க அவங்க தெருவா பாத்து வேன்ல வந்து ஃப்ரீயா குடுத்து, ஜாஸ் கச்சேரிக்கு ஸ்பான்சர் பண்ணி பழக்கி விட்டாங்க. 1990ல ஃபிலடெல்ஃபியாவுல 'அப்டவுன்'னு இவங்களுக்குன்னே ஒரு சிகரெட் இறக்கப் பாத்தப்ப ஊரே எதிர்த்து நின்னுச்சு, கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே கம்பெனி பின்வாங்கிருச்சு. இந்தக் கதைய சொல்லிப் பாருங்க, கேன்சர் படத்துக்கு வராத கோவம் இதுக்கு வரும். (2022ல மென்தாலுக்கு தடை வருதுன்னாங்க, 2025 ஜனவரில அதையும் வாபஸ் வாங்கிட்டாங்க, அதனால சட்டத்த நம்பி உக்காந்திருக்க முடியாது.)

மென்தால் தொண்டைய ஜில்லுனு ஆக்கி எரிச்சல் தெரியாம பண்ணிரும், நிக்கோடினோட பிடியும் இறுகும். அதனால "ஒரு நாளைக்கு எட்டுதான் புடிக்கறேன்"னு சொன்னா லேசா எடுத்துக்காதீங்க. எந்திரிச்சு எவ்வளவு நேரத்துல மொத சிகரெட்னு கேளுங்க. அரை மணி நேரத்துக்குள்ளன்னா சிகரெட்டுக்கு பதிலா மெல்ற நிக்கோடின் கம் 4 மில்லிகிராம், அதுக்கு மேலன்னா 2. தோல்ல ஒட்டற நிக்கோடின் பேட்ச்னா ஒரு நாளைக்கு பத்துக்கு மேல புடிக்கறவங்களுக்கு 21 மில்லிகிராம், பத்தோ அதுக்கு கம்மியோன்னா 14. கர்ப்பமா இருந்தா, ஹார்ட் பிரச்சன இருந்தா டாக்டர்ட்ட கேட்டுட்டுதான்.

கம்ல தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. ஒரு பெரியவர் விக்கல் விக்கலா வருது, வயிறு எரியுதுன்னு பாதி டப்பாவ திருப்பி கொண்டாந்தார், என் முன்னாடி ஒண்ணு போட்டுக் காட்டுங்கன்னேன், பபுள் கம் மாதிரி சவக் சவக்னு மென்னு எச்சிலோட முழுங்கறார், நிக்கோடின் எல்லாம் வயித்துக்கு போகுது. மெதுவா மெல்லணும், மிளகு கடிச்ச மாதிரி சுர்ருனு வந்ததும் நிறுத்திட்டு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைக்கணும், சுருசுருப்பு போனதும் மறுபடி மெல்லணும், இப்படியே அரை மணி நேரம். போடறதுக்கு 15 நிமிஷம் முன்னாடியிலேருந்து காபி, கோலா கூடாது.

சிகரெட்ட விட உதவி பண்ற ஹெல்ப்லைன் 1-800-784-8669 நம்பர கையோட போன்ல சேவ் பண்ணிக் குடுங்க, அமெரிக்காவுல எந்த மாநிலத்துல இருந்து கூப்பிட்டாலும் ஃப்ரீயா பேசி வழி சொல்லுவாங்க.

அப்புறம், நடுவுல ஒரு நாள் சலூன் வாசல்ல எவனாவது நீட்டுவான், இவரும் வாங்கிருவார். வாங்கினா பேட்ச பிச்சு எறிய வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும், சிகரெட்ட மட்டும் கீழ போடச் சொல்லுங்க.