150 ஏஎச் பேட்டரியில விடிய விடிய பேன் ஓட என்ன பண்ணணும்

2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப எங்க வீட்டு இன்வெர்ட்டர் புதுசுதான். ஆனா முதல் ராத்திரியே நாலு பேன், எல்லா ரூம்லயும் ட்யூப்லைட்டுன்னு ஓட விட்டோம், நடுராத்திரி பீப் பீப்னு கத்திட்டு நின்னுடுச்சு, அதுக்கப்புறம் கரண்ட் வர்ற வரைக்கும் அது வெறும் பெட்டிதான். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் உள்ளவங்களுக்கு அது எத்தனை நாள்னு சொல்ல வேண்டியதில்ல. அதனால ஐப்பசி மழைக்கு முன்னாடியே இத பாத்து வச்சுக்குங்க.

பெட்டி மேல போட்டிருக்க 850 விஏ, 900 விஏ எல்லாம் ஒரே நேரத்துல எவ்ளோ லோடு தாங்கும்னு சொல்றது, எவ்ளோ நேரம் ஓடும்ங்கிறது பேட்டரி கையிலதான் இருக்கு. ஏஎச்னா ஆம்பியர் அவர், பேட்டரியோட கொள்ளளவு. 12 வோல்ட், 150 ஏஎச்னா பெருக்கி பாருங்க, 1800 வாட் அவர். இன்வெர்ட்டரே கொஞ்சம் தின்னும், பேட்டரியையும் ஒட்ட உறிஞ்சக் கூடாது, அதனால 1200னு வச்சுக்குங்க. பழைய பேன் ஒண்ணு 75 வாட் இழுக்கும், ரெண்டு பேன், 9 வாட் எல்இடி பல்ப் மூணு போட்டா 177, ஏழு மணி நேரம் கூட வராது. அதே ரெண்டும் பிஎல்டிசி பேனா, அதாவது கரண்ட் கம்மியா இழுக்குற மோட்டார் வச்ச பேனா இருந்தா ஒண்ணுக்கு 30 வாட்தான், மொத்தமே 87, பதிமூணு மணி நேரம் தாராளமா ஓடும். பெரிய பேட்டரி வாங்குற காசுக்கு முதல்ல பேனை மாத்துங்க, நான் அததான் பண்ணேன்.

பிரிட்ஜ், மிக்சி, மோட்டார் எதையும் இன்வெர்ட்டர் லைன்ல குடுக்காதீங்க, ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு இழுக்கும். வயர்மேன்கிட்ட படுக்குற ரூம் பேன், அடுப்படி லைட், போன் சார்ஜ் பண்ற ஒரு பாயிண்ட், இத மட்டும் தனியா பிரிச்சு தரச் சொல்லுங்க.

பேட்டரியில ஆறு மூடி இருக்கும், ஒவ்வொண்ணுலயும் ஒரு குச்சி மிதக்கும், அது பச்சைக் கோட்டுலேர்ந்து சிவப்புக்கு இறங்குச்சுன்னா டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க. ஆசிட்டும் வேணாம், குழாத்தண்ணியும் வேணாம், பச்சைக் கோட்டுக்கு மேலயும் போக வேணாம். டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமா பூத்திருந்தா இன்வெர்ட்டர ஆஃப் பண்ணிட்டு வெந்நீர் தொட்டு துடைச்சு காய விட்டு வாசலின் தடவுங்க. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அதனால சாமி ரூம் விளக்குப் பக்கத்துல வைக்கவே வைக்காதீங்க, காத்தோட்டமா இருக்கணும். வாய்க்கா ஓரம் வீடுன்னா தரையில வைக்காம ஸ்டாண்டு போட்டு மேல ஏத்திடுங்க.

புயலுக்கப்புறம் ஜெனரேட்டர் எடுத்து பேட்டரி சார்ஜ் பண்றவங்க தயவு செஞ்சு இத கேளுங்க. ஜெனரேட்டர் வயர வீட்டு பிளக் பாயிண்ட்ல சொருகாதீங்க, அந்த கரண்ட் லைன்ல ஏறி டிரான்ஸ்பார்மருக்கு போச்சுன்னா அந்தப் பக்கம் 11,000 வோல்ட்டா ஏறிடும், அங்க கம்பம் மேல நமக்காகத்தான் ஒரு லைன்மேன் நின்னுட்டிருப்பாரு. இன்வெர்ட்டர் பிளக்கை சுவத்துலேர்ந்து கழட்டி நேரா ஜெனரேட்டர்ல சொருகுங்க, வீடு முழுக்க ஓட்டணும்னா, லைன் கரண்ட்டையும் ஜெனரேட்டர் கரண்ட்டையும் ஒண்ணு சேர விடாம மாத்தி விடுற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டுக்குங்க.

அப்புறம் கரண்ட் வந்ததும், காலியான பேட்டரி நிரம்ப பத்து பன்னெண்டு மணி நேரம் ஆகும், அது வரைக்கும் அந்த பிளக்குல கை வைக்காதீங்க.