ஆப்பிள் சிப்ஸைச் சுவைத்து ஒப்பிடும் முறை

ஆப்பிள் சிப்ஸ் என்ற ஒரே பெயரில் விற்கப்படும் பொட்டலங்கள் எல்லாம் ஒரே பண்டம் அல்ல. பழத்தை உறையவைத்து, வெற்றிடத்தில் அதன் பனியை நீராக உருகவிடாமல் நேரே ஆவியாக்கிச் செய்வது ஃப்ரீஸ் டிரை வகை. மெல்லிய வில்லைகளைக் குறைந்த சூட்டில் ஓவனில் காயவைப்பது இரண்டாவது. காற்றழுத்தத்தைக் குறைத்து எண்ணெயில் பொரிப்பது மூன்றாவது. ஃப்ரீஸ் டிரை செய்த ஃப்யூஜி என்ற இனிப்பு ஆப்பிளையும் பொரித்த கிரானி ஸ்மித் என்ற புளிப்பு ஆப்பிளையும் அருகருகே வைத்தால், நாக்கு உணரும் வேறுபாடு பழத்தினுடையதா, செய்முறையினுடையதா என்று பிரித்தறிய இயலாது. ஆகவே முதலில் ஒரே செய்முறையில் வெவ்வேறு ஆப்பிள்களையும், பிறகு ஒரே ஆப்பிளை வெவ்வேறு செய்முறைகளிலும் ஒப்பிட வேண்டும்.

பொட்டலத்தைப் பிரிக்குமுன் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். சர்க்கரையோ சிட்ரிக் அமிலமோ சேர்த்திருந்தால், அந்த இனிப்பையும் புளிப்பையும் பழத்தின் கணக்கில் எழுதக் கூடாது. வில்லை வெளுப்பாக இருப்பதை மட்டும் வைத்து அது உயர்ந்தது என்று முடிவு செய்யவும் வேண்டாம். சல்பர் டை ஆக்சைடு சேர்த்தாலும் நிறம் மாறாமல் நிற்கும், ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. எதுவும் சேர்க்காத வில்லை சற்றுப் பழுப்பேறுவது இயல்பே.

காலா, ஃப்யூஜி போன்ற இனிப்பு வகைகளில் தொடங்கி, இனிப்பும் புளிப்பும் கலந்த பிங்க் லேடிக்கு வந்து, கிரானி ஸ்மித்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஆப்பிளில் ஏறத்தாழ 85 சதவீதம் நீர். அது போனபின் சர்க்கரையும் அமிலமும் செறிந்துவிடுவதால், கிரானி ஸ்மித்தின் புளிப்பு வாயில் நெடுநேரம் நிற்கும். பட்டைத்தூள் தூவிய வகைகள் அதற்கும் பிறகே வரவேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையில் வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்தால் போதும்.

மொறுமொறுப்பைக் கடைவாய்ப் பல்லால் கடித்து, காதாலும் கேட்க வேண்டும். நல்ல ஓவன் வில்லை கண்ணாடிபோல் படக்கென்று உடையும். தோலுள்ள ஓரம் மட்டும் சற்று முரடாக நின்று, மெல்ல மெல்ல வாசம் விடும். ஃப்ரீஸ் டிரை துண்டு மெலிதாக நொறுங்கி, உமிழ்நீர் பட்டவுடன் கரைந்து, பல்லிடுக்கில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். புதுப்பழத்தின் மணம் மிகுதியாகத் தங்குவது இதில்தான் என்பது என் கருத்து. பொரித்ததை வெள்ளைத்தாளில் அழுத்தினால் எண்ணெய்த் தடம் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு வகையிலும் ஒரு துண்டைத் தட்டில் திறந்து வைத்து, அரைமணி நேரம் கழித்து மீண்டும் கடித்துப் பாருங்கள். சர்க்கரை ஈரத்தை இழுக்கும். நுண்துளைகள் நிறைந்த ஃப்ரீஸ் டிரை துண்டு, சென்னை போன்ற கடலோர ஊர்களின் காற்றில் மிக விரைவில் நமுத்துப்போகும். ஆகவே சுவைக்கும் நேரத்தில்தான் பொட்டலங்களைப் பிரிக்க வேண்டும். மிச்சத்தை உடனே இறுக்கமான டப்பாவில் அடைத்துவிட வேண்டும். நமுத்த ஓவன் வில்லைகளைக் குறைந்த சூட்டில் சில நிமிடம் வைத்தெடுக்கலாம். சூட்டோடு தொட்டால் வளையும், ஆறியபின்தான் மொறுமொறுப்பு திரும்பும்.