ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6: அந்த ஆறு பச்சைக் கட்டங்களை ஊதித் தள்ளுகிறவர்களுக்கு

பெருநாள் லீவு வந்தால் கீழக்கரையில் ஏதாவது ஒரு வீட்டு மாடியில் புதுசாக ஒரு பிஎஸ்5 இருக்கும். துபாயிலிருந்தோ சார்ஜாவிலிருந்தோ வந்த மாமா கொண்டுவந்ததாக இருக்கும். பெரியபட்டினம், ஏர்வாடிப் பக்கத்துப் பையன்களும் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஃபுட்பால் கேம் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 தான். 2023 ஜூன் 2 அன்று ஜப்பானிய கேம் நிறுவனமான கேப்காம் வெளியிட்டது. புதுசாக வருகிறவனை இவ்வளவு மதிக்கிற சண்டை கேம் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு கேரக்டருக்கும் தனிப் பாடம், ஒவ்வொரு அடியும் எத்தனை ஃப்ரேம் (நொடியில் அறுபதில் ஒரு பங்கு) என்று திரையிலேயே ஓடும் மீட்டர், அடிகளைத் தொடராகக் கோக்கும் காம்போ பயிற்சி, எல்லாம் உள்ளேயே இருக்கிறது. பையன்கள் ஒன்றையும் தொடமாட்டார்கள், நேராக ரேங்க் மேட்ச்.

சும்மா சும்மா குதிக்காதே, கீழே விழுந்து எழும்போதெல்லாம் ஷோர்யூகன் (எழும்பிக் குத்தும் அடி) போடாதே என்பதையெல்லாம் யாரும் எழுதிச் சொல்லவேண்டியதில்லை, ஒரு ராத்திரி முழுக்க அடி வாங்கினால் தானே புரியும். எங்கள் செட்டு ஒரு காலத்தில் செய்ததையே இவர்களும் வரி மாறாமல் செய்கிறார்களே, அவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஆறு கட்டத்தையும் எடுத்த எடுப்பிலேயே காலி செய்வது

ஒவ்வொரு ரவுண்டும் தொடங்கும்போது உயிர்க்கோட்டுக்குக் கீழே ஆறு பச்சைக் கட்டம் நிறைந்திருக்கும். அதுதான் ட்ரைவ் கேஜ். வருகிற அடியைத் தாங்கிக்கொண்டே மோதும் ட்ரைவ் இம்பாக்ட் ஒரு கட்டம். ஸ்பெஷல் அடியின் பலம் கூடிய வடிவமான ஓவர்ட்ரைவ் அடி இரண்டு. தடுத்துக்கொண்டிருக்கும்போதே எதிரியைத் தள்ளிவிடும் ட்ரைவ் ரிவர்சல் இரண்டு. வருகிற அடியைத் தட்டிவிடும் பேரியிலிருந்து பாயும் ட்ரைவ் ரஷ் ஒன்று, அதையே ஒரு அடியைப் பாதியில் வெட்டிப் பாய்ந்தால் மூன்று. நீங்கள் எதுவும் செய்யாமல் பிளாக் செய்துகொண்டே இருந்தாலும் கட்டம் கரையும்.

இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-இல் வி-ட்ரிகர் என்ற தனி பலம் வேண்டுமென்றால் முதலில் அடி வாங்கியோ வி-ஸ்கில் என்ற தனி வித்தை போட்டோ நிரப்பவேண்டும். இங்கே முதல் நொடியிலேயே எல்லா ஆயுதமும் கையில் இருக்கிறது. தொல்லையும் அதனால்தான்.

போன லீவில் பார்த்த ஒரு ரவுண்டைச் சொல்கிறேன். பையன் கென் எடுத்திருந்தான், எதிரே சுன்-லி. உட்கார்ந்து ஒரு மீடியம் கிக், அதை வெட்டி ட்ரைவ் ரஷ். மூன்று கட்டம் போச்சு, சுன்-லி பிளாக் செய்துவிட்டாள். விடாமல் ஓவர்ட்ரைவ் டிராகன் லாஷ் உதை. இன்னும் இரண்டு போச்சு, அதுவும் பிளாக். மிச்சம் ஒன்று. அதை வைத்துக்கொண்டாவது பின்னால் வரவேண்டாமா? ட்ரைவ் இம்பாக்ட்டை அழுத்தினான். அந்தப் பக்கம் இருந்தவர் அதற்குத்தான் காத்திருந்தார், தன்னுடைய இம்பாக்ட்டைத் திருப்பிப் போட்டார். கென் அப்படியே மடங்கி விழ, ஒரு காம்போவில் மூலைக்குப் போய்விட்டான். டைமரில் இன்னும் எண்பதுக்கு மேல் இருக்கிறது. கென் சாம்பல் நிறமாகிவிட்டான். எழுந்து ஒழுங்காக பிளாக் பிடித்தான், அந்த பிளாக் மேலேயே இன்னொரு இம்பாக்ட் வந்து விழுந்தது, தலையைச் சுற்றி நட்சத்திரம். லெவல் 3 சூப்பர், இருப்பதிலேயே பெரிய அடி. முடிந்தது.

"காக்கா, நான் பிளாக் பண்ணித்தானே இருந்தேன்?" என்று என்னைப் பார்த்தான். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்.

"பண்ணுன தம்பி. அதுக்கு முன்னாடி என்னென்ன பண்ணுன?"

கேஜ் காலியாவதற்குப் பெயர் பர்ன்அவுட். அந்த நிலையில் பேரி கிடையாது, இம்பாக்ட் கிடையாது, ரஷ், ஓவர்ட்ரைவ் எதுவும் கிடையாது. ஸ்பெஷல் அடிகளை பிளாக் செய்தாலும் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். ஒவ்வொரு பிளாக்குக்குப் பிறகும் வழக்கத்தைவிட 4 ஃப்ரேம் கூடுதலாக மாட்டிக்கொண்டு நிற்பீர்கள், அதாவது பத்திரம் என்று நீங்கள் நினைத்த இடமெல்லாம் எதிரியின் முறையாகிவிடும். சுவரோரம் வாங்கும் இம்பாக்ட்டுக்கு பிளாக்கெல்லாம் கணக்கே இல்லை, மயக்கம்தான். ஒரு கட்டம் ஏறியதும் எடுத்துச் செலவு செய்யலாம் என்றும் நினைக்காதீர்கள், ஆறும் நிறைந்தால்தான் விடுதலை.

எனக்கு இன்றுவரை எரிச்சல் தருகிற விஷயம் இன்னொன்று இருக்கிறது. ஒரே ஒரு கட்டம் மிச்சமிருக்கும்போது மூன்று கட்டச் செலவுள்ள ரஷ்ஷை அழுத்திப் பாருங்கள். கேம் தடுக்காது. வட்டிக்கடைக்காரர் மாதிரி சிரித்த முகமாக எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த நொடியே பர்ன்அவுட்டில் உட்காரவைக்கும். பையன் "வந்துருச்சு காக்கா, வந்துருச்சு" என்று குதிப்பான். வந்ததென்னவோ உண்மைதான். அந்த ஒரு காம்போவில் எதிரியின் உயிர் முடியுமென்றால் தாராளமாகச் செய்யுங்கள், அடுத்த ரவுண்டுக்கு ஆறும் புதுசாக வந்துவிடும். எதிரிக்குக் கால்வாசி உயிர் மிஞ்சும் என்றால் அந்தக் காம்போவை நீங்கள் போடாமலே இருந்திருக்கலாம்.

எங்கள் மாடியில் ஒரு விதி வைத்திருக்கிறோம். இரண்டு கட்டத்துக்குக் கீழே போய்த் தோற்றால் கன்ட்ரோலர் அடுத்த ஆளுக்கு. இரண்டு ஏன் என்றால், எதிரி இம்பாக்ட் போட்டால் திருப்பிப் போட ஒன்று வேண்டும், போட்டபிறகும் பூஜ்ஜியத்துக்கு இறங்காமல் இருக்க இன்னொன்று வேண்டும். இம்பாக்ட் கிளம்பி வந்து விழ 26 ஃப்ரேம், அரை நொடிக்கும் குறைவு. ட்ரெய்னிங் மோடில் டம்மியை வேறு இரண்டு அடிகளோடு கலந்து எப்போதாவது இம்பாக்ட் போடும்படி பதிவு செய்து வைத்து, அதைப் பார்த்துத் திருப்பிப் போடப் பழகுங்கள். சலிப்பான வேலைதான்.

சரி, பர்ன்அவுட் ஆகியே விட்டது, என்ன செய்வது? முதலில் சுவரை விட்டு வெளியே வரப் பாருங்கள். கையை அடக்குங்கள். சூப்பர் மிச்சமிருந்தால் காம்போவில் கொட்டாமல் வைத்திருங்கள், வருகிற இம்பாக்ட்டை உடைக்க அது உதவும். அதுவும் இல்லையென்றால் பார்த்தவுடன் குதித்துத் தாண்டவேண்டும்.

வைஃபையில் ரேங்க் ஆடுவது

ரவுட்டர் கீழே ஹாலில், கன்சோல் மொட்டைமாடி ரூமில், நடுவில் இரண்டு கான்கிரீட் தளம். அப்புறம் கேமைத் திட்டினால் எப்படி?

இந்த கேமின் ஆன்லைன் உண்மையிலேயே நன்றாக இருக்கும், ரோல்பேக் முறையில் ஓடுகிறது. எதிரி அடுத்து என்ன அழுத்துவான் என்று கேமே ஊகித்து ஆட்டத்தை நடத்தும், ஊகம் தப்பினால் சட்டென்று பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். தூரத்தால் வரும் தாமதத்தை அது ஓரளவு சமாளித்துவிடும். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், கணினி எல்லாம் ஒன்றாக ஆடலாம் என்பதால் அப்பா சபரில் (வெளிநாட்டில்) இருக்கும் வீட்டுப் பையன் ராத்திரி துபாயில் இருக்கும் மச்சானோடு ஆடுகிறான், பெரிதாகக் குறை இல்லை. ஆனால் வைஃபையில் தாமதம் ஒரே அளவாக இருக்காது, ஒரு நொடி சரியாக வரும், அடுத்த நொடி எகிறும். ஊகம் திரும்பத் திரும்பத் தப்பி, கேரக்டர் இங்கிருந்து அங்கே தாவும். மேட்ச்சை ஏற்கும் முன்பே நீங்கள் வைஃபையா வயரா என்று எதிரிக்குத் தெரியும், பலபேர் அந்தக் குறியைப் பார்த்ததுமே வேண்டாம் என்று போய்விடுவார்கள். ஜன்னல் வழியாக ஒரு லேன் கேபிள் இறக்குங்கள், வீட்டில் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹால் டிவி

கேம் மோடு போடுங்கள். இல்லையென்றால் படத்தை மெருகேற்றுகிறேன் என்று டிவி சில ஃப்ரேமை விழுங்கும், இம்பாக்ட்டின் அந்த 26 ஃப்ரேமில் உங்களுக்கு மிஞ்சுவது இன்னும் குறையும்.

மாடர்ன் கன்ட்ரோலைக் கேவலமாகப் பார்ப்பது

பட்டன் ஒன்று, திசை ஒன்று, ஸ்பெஷல் வந்துவிடும். "அது சின்னப் பிள்ளைங்க ஆடுறது" என்று பழைய முறையான கிளாசிக்கைப் பிடித்துக்கொண்டு ஹடூக்கன் ஃபயர்பாலே வராமல் தவிக்கும் ஆட்களை நிறையப் பார்க்கிறேன். மாடர்னுக்கு விலை இல்லாமல் இல்லை. குறுக்குவழியில் போடும் ஸ்பெஷலுக்கும் சூப்பருக்கும் அடி 20 சதவீதம் குறையும், சில சாதாரண அடிகளே கிடைக்காது. கையால் முழுசாகச் சுழற்றிப் போட்டால் மாடர்னிலும் முழு அடிதான் என்பது பலருக்குத் தெரியாது. போட்டிகளிலும் அனுமதி உண்டு. எதிரே ஒருவர் மாடர்னில் இருந்தால் ஃபயர்பாலை யோசித்துப் போடுங்கள், சில கேரக்டர்களின் சூப்பர் அதைத் துளைத்துக்கொண்டு வரும், அவருக்கு அது ஒரே அழுத்தல்.

தால்சிம் நம்ம நாட்டுக்காரர் என்று எடுப்பது

வேண்டாம். முதல் கேரக்டராக வேண்டாம்.

கன்ட்ரோலரை ஜன்னலோரம் போட்டுவைப்பது

கடல் பக்கத்து வீடு. உப்புக்காற்றில் சார்ஜ் போடும் ஓட்டை பச்சை பிடித்துவிடும். டப்பாவில் போட்டு மூடுங்கள்.

கேமின் குறையையும் தன் தலையில் போட்டுக்கொள்வது

மூலையில் வைத்துத் தூக்கிப் போடுகிறார்கள், எழுந்ததும் மறுபடி தூக்கிப் போடுகிறார்கள். பல கேரக்டர்களுக்கு இது முடியும், போட்ட பிறகும் அவர்கள் பக்கத்திலேயே நிற்கிறார்கள், முறையும் அவர்களுடையதே. லைட் பஞ்ச்சும் லைட் கிக்கும் சேர்த்து அழுத்தினால் த்ரோ உடையும், ஆனால் நீங்கள் அழுத்துவீர்கள் என்று தெரிந்து ஒரு அடி பின்வாங்கி வெறும் காற்றைப் பிடிக்கவைத்து அடிப்பவர்களும் உண்டு. குதிக்கலாம், அதற்கும் தண்டனை உண்டு. இது ஊகச் சூதாட்டம்தான், எவ்வளவு பழகினாலும் சில ரவுண்டு இப்படியே போகும். இந்த கேமில் எனக்குப் பிடிக்காதது எது என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். இப்படித் தோற்றுவிட்டு விடிய விடிய பட்டன் மாற்றிக்கொண்டும் கேரக்டர் மாற்றிக்கொண்டும் உட்காராதீர்கள். ரீப்ளேயைப் போட்டு, மூலைக்கு எப்படிப் போனீர்கள் என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னால் ஒரு ட்ரைவ் ரஷ் இருக்கும், கட்டத்தில் ஒன்றுதான் மிச்சம் இருந்திருக்கும்.