முன்சீப் ஆகணுமா? முதல்ல கோர்ட்டுக்குப் போங்க

லா காலேஜ் முடிச்ச கையோட பரீட்சை எழுதி சிவில் ஜட்ஜ் (அதான் பழைய பேர்ல முன்சீப்) ஆயிடலாம்னு கோச்சிங் சென்டருக்கு பணம் கட்டப் போறவங்க கொஞ்சம் நில்லுங்க. 2025 மே 20 அன்னைக்கு வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்புப்படி புதுசா ஆள் எடுக்கும்போது குறைஞ்சது 3 வருஷ பிராக்டீஸ் வேணும், அது புரொவிஷனல் என்ரோல்மென்ட் (பார் கவுன்சில்ல தற்காலிகமா வக்கீலா பதியறது) தேதியிலிருந்தே கணக்கு, ஜட்ஜ்கிட்ட லா கிளார்க்கா இருந்த காலமும் சேரும்.

அந்த மூணு வருஷத்த எங்க கழிக்கிறீங்கங்கிறதுதான் விஷயமே. ஹைகோர்ட் ரிட் சைடு (அரசாங்க உத்தரவ எதிர்த்துப் போடற மாதிரி மனுக்கள்) கெத்தாதான் இருக்கும், ஆனா இந்த பரீட்சைக்கு தாலுகா கோர்ட்ல சிவில், கிரிமினல் ரெண்டும் பாக்குற சீனியர்தான் லாபம். மெயின்ஸ்ல இஷ்யூ பிரேம் பண்ணு (சிவில் கேஸ்ல தீர்மானிக்க வேண்டிய கேள்விகள எழுது), சார்ஜ் பிரேம் பண்ணு (கிரிமினல் கேஸ்ல குற்றச்சாட்ட எழுது), ஜட்ஜ்மென்ட் எழுதுன்னுதான் கேப்பாங்க, அது கைட் படிச்சு வராது. நான் பண்ணது என்னன்னா, ஆபீஸ்ல முடிஞ்ச கேஸ் கட்ட எடுத்து பிராது, எதிருரை, சாட்சியம் மட்டும் படிச்சிட்டு நானே ஒரு தீர்ப்பு எழுதுவேன், அப்புறம்தான் ஜட்ஜ் எழுதினத பிரிச்சுப் பாக்குறது. முதல் பத்து கட்டு வரைக்கும் மானம் போகும், பரவாயில்ல.

மெயின்ஸ்ல வர்ற டிரான்ஸ்லேஷன் பேப்பர யாரும் மதிக்கிறதில்ல, அங்கதான் அடி விழுது. "நான் அந்த வீட்டில் குடியிருக்கவில்லை என்று சொன்னால் சரியல்ல"ன்னு சாட்சியத்துல வரும். அவசரத்துல இங்கிலீஷ்ல "நான் குடியிருக்கவில்லை"ன்னு மாத்திட்டா போச்சு, சாட்சி மறுத்தத ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். பத்திரத்துல வர்ற நான்கெல்லை (சொத்தோட நாலு பக்க எல்லை), மாமூல் வழிநடை பாத்தியம் (வழக்கமா நடந்து போற வழிக்கான உரிமை) இதெல்லாம் ஒரு நோட்ல எழுதி வைங்க.

பரீட்சை நடத்துறது டிஎன்பிஎஸ்சி. பிரிலிம்ஸ், நாலு பேப்பர் மெயின்ஸ், அப்புறம் வைவா, அதாவது நேர்முகத் தேர்வு. 2024 ஜூலை 1-லிருந்து புது குற்றவியல் சட்டம் பிஎன்எஸ் வந்துருச்சேன்னு பழைய ஐபிசி புக்க எடைக்குப் போட்டுடாதீங்க, பழைய குற்றங்களுக்கு இன்னும் அதுதான். செலக்ட் ஆனாலும் உடனே சீட்ல உக்கார முடியாது, ஒரு வருஷம் டிரெயினிங் இருக்கு. அதுக்கப்புறம் சப் ஜட்ஜ், டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ்னு மேல போகலாம்.

இன்னொண்ணு, 3 வருஷ பிராக்டீஸுக்கு அந்த கோர்ட்டோட தலைமை நீதிபதி பொறுப்புல இருக்கிறவர் (பிரின்சிபல் ஜூடிசியல் ஆபீசர்) சர்டிபிகேட் தரணும், இல்லன்னா 10 வருஷ சர்வீஸ் உள்ள வக்கீல் தரலாம், ஆனா அதுல அந்த மாவட்டத்தோட, இல்ல அந்த ஊரோட பிரின்சிபல் ஜூடிசியல் ஆபீசர் கையெழுத்தும் வேணும். அதனால முதல் நாள்லேர்ந்தே டைரி போடுங்க, கேஸ் நம்பர், கோர்ட், தேதி, அன்னைக்கு சும்மா வாய்தா வாங்கிட்டு வந்திருந்தாலும் சரி.